பார்வை இழந்த நாய்

முதுமையாலும் கண்புரை, கண் அழுத்த நோய் முதலியவற்றாலும் நாய்கள் பார்வையை இழப்பது உண்டு. இனி இவற்றால் வாழ இயலாது என எண்ணிச் சிலர் அவற்றைத் தெருவில் விட்டுவிடுகின்றனர். பசியாலும் தாகத்தாலும் வாடுமாறு விலங்கைக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அவர்களது எண்ணமும் தவறானதே.

நாய் உலகை அறிவது பெரும்பாலும் மூக்கினால்தான். அதன் மோப்பத்திறன் மனிதருடையதைவிடப் பன்மடங்கு மிகுதி. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்கும். நாயின் செவி 40,000 ஹெர்ட்ஸையும் கடந்து கேட்கும். முகத்திலுள்ள மீசைமயிர்கள் அருகிலிருக்கும் பொருள்களை உணர்த்தும். இவற்றின் துணையால் நாய் வீட்டின் அமைப்பை மெல்ல மெல்ல மனத்தில் பதித்துக்கொள்ளும்.

அதற்கு வீட்டாரும் உதவ வேண்டும். கட்டில், நாற்காலி முதலியவற்றை அடிக்கடி இடம் மாற்றலாகாது. உணவுத் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் எப்போதும் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும். மாடிப்படியில் தடுப்பு வைத்தல் நன்று. தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இல்லையேல் அது திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும்.

மணி பொருத்திய பந்தை உருட்டினால், ஒலி வரும் திசையில் அது துள்ளி ஓடும். பழகிய குரல் கேட்டால் முன்போலவே வாலாட்டி வரவேற்கும்.