அம்மா பயந்த மூன்று

ரிப்போர்ட்டை அம்மாதான் முதலில் பிரித்தாள். ‘டோவில் 3’ என்றிருந்தது. “ரெண்டாவது ஸ்டேஜுன்னுதானே சொன்னாங்க, மூணாயிடுச்சா?” என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா. கழுத்திலும் நெஞ்சுக்குள்ளும் கட்டிகள். நான்கு முறை கீமோ ஏற்றியதும், அதாவது இரண்டு சுழற்சி முடிந்ததும், நடுவில் ஒரு பெட் ஸ்கேன். ஆறு மணி நேரம் பட்டினி. கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை நரம்பில் ஏற்றி, ஒரு மணி நேரம் பேசாமல் படுக்கச் சொன்னார்கள். பேசினால் தொண்டைத் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். கம்பளி வேறு போர்த்தினார்கள். குளிரில் நடுங்கினால் கழுத்திலுள்ள ஒருவகைக் கொழுப்பு சர்க்கரையைத் தின்று, படத்தில் கட்டிபோலவே ஒளிருமாம்.

சி.டி.யில் அளவு மட்டும்தான் தெரியும். ஹாட்ஜ்கின் கட்டியோ செத்த பிறகும் தழும்பாக நெஞ்சில் கிடக்கும். உயிருள்ள கட்டிக்குப் பசிக்கும். அந்தப் பசியைத்தான் பெட் காட்டுகிறது.

பசியை எதை வைத்து அளப்பது? 2009இல் பிரான்சின் டோவில் நகரில் கூடிய மருத்துவர்கள் நோயாளியின் சொந்தக் கல்லீரலையே துணைக்கு அழைத்தார்கள். ஒளிர்வே இல்லையென்றால் 1. நெஞ்சுப் பெருங்குழாய் ரத்தத்தின் ஒளிர்வைத் தாண்டாவிட்டால் 2. அதைத் தாண்டியும் கல்லீரலுக்குள் அடங்கினால் 3. கல்லீரலை மிஞ்சினால் 4. வெகுவாக மிஞ்சினாலோ, புதிதாக எங்காவது முளைத்தாலோ 5. “அது ஸ்டேஜ் இல்லம்மா, மார்க்கு. இதுல கம்மியா வாங்கணும்” என்றார் டாக்டர்.

எல்லாம் முடிந்தபின் பார்த்தால் போதாதா என்று நான் கேட்டேன். இத்தாலியிலும் டென்மார்க்கிலும் 260 பேரைக் கவனித்து 2007இல் வெளியான ஆய்வைச் சொன்னார். நடு ஸ்கேனில் ஒளிராதவர்களில் 95 சதவீதம் பேர் இரண்டாண்டு நோய் தலைதூக்காமல் இருந்தார்கள். ஒளிர்ந்தும் அதே மருந்தில் தொடர்ந்தவர்களில் 13 சதவீதம்கூட இல்லை. பாதி வழியில் தெரிந்தால்தானே வண்டியைத் திருப்ப முடியும்?

பிரிட்டன் முன்னின்று 1,200 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வு 2016இல் அதையே செய்து காட்டியது. 4, 5 வாங்கியவர்களுக்கு வீரியமான மருந்து. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மூன்றாண்டு நோய் தலைதூக்காமல் தாக்குப்பிடித்தார்கள். 3 வரை வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு, நுரையீரலைப் பதம்பார்க்கும் பிளியோமைசினை நிறுத்தினார்கள். நிறுத்தாதவர்களில் 85.7 சதவீதம், நிறுத்தியவர்களில் 84.4 சதவீதம் பேர் மூன்றாண்டு நோயின்றி இருந்தார்கள். நூற்றில் மீதிப் பதினைந்து பேரை நான் மறக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

ஐந்தாவது முறை போனபோது மருந்து ஒன்று குறைந்திருந்தது. அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு நர்ஸிடம் போய் நின்றாள்: “சிஸ்டர், ஒண்ணு விட்டுட்டீங்களே!”