அண்ணனைவிடத் தம்பி உயரம் – ஸ்பானிஷில் சொல்வது எப்படி?

ஆங்கிலத்தில் 'டால், டாலர், டாலஸ்ட்' என்று மனப்பாடம் பண்ணிவிட்டு, பரீட்சையில் 'மோர் டாலர்' என்று எழுதி மார்க்கைக் கோட்டை விடுகிறவர்கள் நம்மில் நிறைய பேர். ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா என்று சுமார் 20 நாடுகளில் பேசும் ஸ்பானிஷில் இந்தத் தொல்லை குறைவு.

'மாஸ்' என்றால் அதிகம். 'கே' என்பது நம்ம 'விட' மாதிரி. உயரத்துக்கு 'ஆல்த்தோ'. 'மாஸ் ஆல்த்தோ கே' என்றால் '-ஐவிட உயரம்'. அவ்வளவுதான்! 'மாஸ்' இடத்தில் 'மெனோஸ்' போட்டால் குறைவு. இருவரும் சமம் என்றால் 'தான் ஆல்த்தோ கோமோ'.

பெண்ணைச் சொன்னால் 'ஆல்த்தா' ஆகிவிடும். இதென்ன புதுக் குழப்பம் என்று பயப்படாதீங்க. இலக்கண வகுப்பில் ஐந்தாம் வேற்றுமை படித்தோமே! 'அண்ணனின் நெடியன் தம்பி', 'அக்காளின் நெடியள் தங்கை'. இங்கே 'இன்' என்பதற்கு 'விட' என்று பொருள். நெடியன், நெடியள் என்று நம்ம பழைய தமிழும் ஆளுக்கேற்ப மாறியதுதான். இப்போதுதான் எல்லோருக்கும் 'உயரம்' என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம்.

சுவாரசியமான விஷயம் இனிமேல்தான். நம்ம ஊரில் கோர்வைப் புடவை நெய்ய ஒரு தறிக்கு ரெண்டு பேர் வேண்டும். அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து நெய்கிறார்கள் என்று வையுங்கள். பார்க்க வந்த ஸ்பெயின்காரரிடம் 'மி எர்மானோ' என்று ஒருவரைக் காட்டினால் அது அண்ணனா, தம்பியா? அவருக்குத் தெரியாது! 'எர்மானோ மயோர்' என்றால்தான் அண்ணன், 'எர்மானோ மெனோர்' என்றால்தான் தம்பி. மயோர், மெனோர் இரண்டும் ஒப்பிடும் சொற்கள். தமிழில் அந்த ஒப்பீடு அண்ணன், தம்பி என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் நாம் 'அவன்தான் பெரியவன்' என்றால் வயதிலா, உயரத்திலா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வயதுக்கு 'மயோர்', உயரத்துக்கு 'மாஸ் ஆல்த்தோ'. தம்பி அண்ணனைவிட வளர்ந்துவிட்டாலும் 'மெனோர்'தான்!

இன்னொன்று. ஒல்லிக்கு 'தெல்காதோ'. 'எஸ் மாஸ் தெல்காதோ' என்றால் அவன் உடல்வாகே மற்றவரைவிட ஒல்லி. 'எஸ்தா மாஸ் தெல்காதோ' என்றால் முன்னைவிட இப்போது இளைத்திருக்கிறான். காய்ச்சலில் ஒரு வாரம் லீவு போட்டு வந்த நண்பனுக்கு 'எஸ்தா'தான் சரி. நம்ம வகுப்பில் பட்டப்பெயர் வைக்கிறவங்க இருக்காங்களே, அவங்க யாரைப் பார்த்தாலும் 'எஸ்' போடுகிற ஆட்கள்!