இரட்டைக் காப்பியங்களில் மந்திர ஆற்றலும் அதன் வரம்பும்

பழனிசெட்டிபட்டியிலிருந்து கம்பம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கூடலூரை அடைகின்றது. அவ்வூர்க்கு மேலுள்ள மலைமுகட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில் உளது. சித்திரை முழுமதி நாளில் மட்டுமே மக்கள் மலையேறி அங்கு வழிபடுகின்றனர். இம்மலையடிவாரத்தில் சிலப்பதிகாரம் பயிற்றுவார்க்கு மாணவரிடமிருந்து தவறாமல் வரும் வினா ஒன்றுண்டு: ‘மதுரையை எரிக்க வல்லவள், கணவனை உயிர்ப்பித்து உடன்கொள்ள மாட்டாமற் போனது ஏன்?’

இதனைச் சிறுபிள்ளை வினா என்று தள்ளுதல் பொருந்தாது. மாயமும் மந்திரமும் இடம்பெறும் கதை எதுவாயினும், அவ்வாற்றல் எதனைச் செய்யும் என்பதினும் எதனைச் செய்யாது என்பதே கதையைத் தாங்குவது. எல்லாம் வல்ல மந்திரம் உள்ள கதையில் இடர் என ஒன்று இராது. இடர் இல்லாத இடத்தில் கதையும் இராது.

இளங்கோவடிகள் இவ்வரம்பை எங்ஙனம் வகுத்தார் என்பதை நோக்குவோம். அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும். புகழ்சால் பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர். ஊழ்வினை தப்பாது வந்து பயன் ஊட்டும். இம்மூன்றனையும் பதிகம் முன்னரே அறிவித்துவிடுகின்றது. கற்பின் ஆற்றல் முதலிரண்டன் வழிநின்று தொழிற்படும், மூன்றாவதனை மீறாது. ஆதலின், வெட்டுண்ட கோவலன் எழுந்து நின்று மனைவியின் கண்ணீரைத் துடைக்கின்றான். ஆயினும் தங்குகின்றானல்லன், அவளை ஈண்டு இருக்கச் சொல்லி வானோரொடு செல்கின்றான். பதிகம் பிற்காலத்தது என்பாரும் உளர். அவர் கூற்றைக் கொள்ளினும் இவ்வரம்பு அழிந்துபடாது. கோவலனது முற்பிறப்புப் பழியை மதுராபதித் தெய்வம் நூலினுள்ளேயே உரைக்கின்றது.

எரியும் கட்டற்றதன்று. தீக்கடவுள் கண்ணகி முன் தோன்றி, இந்நகரில் உய்தற்குரியார் யாவர் என வினவுகின்றான். அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் முதலியோரை விலக்கித் தீயோர்பாற் செல்க என அவள் ஆணையிடுகின்றாள். சினத்தின் உச்சியிலும் விலக்கு ஒன்று பேசப்படுகின்றது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனைக் கூடி வாழலாம் எனத் தேவந்தி முன்னரே கூறுகின்றாள். அது பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகின்றாள். எளிய வழி இல்லாமற் போகவில்லை. அவ்வழியைக் காட்டியபின், தலைவியின் பண்பினாலேயே அதனை அடைத்துவிடுகின்றார் அடிகள். துன்பம் சூழ்ந்த பின்னர், ‘அந்த வழி இருந்ததே’ எனக் குறைகூற நமக்கு இடமில்லை.

மேலைநாட்டுப் புனைகதையிலும் இந்நெறி உண்டு. உர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எர்த்சீ மந்திரவாதி’ நாவலில், ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனே அதனை ஏவ இயலும். ஒவ்வோர் ஏவலும் உலகின் சமநிலையை அசைக்கும். வரம்பினுள்ளேயே விலையும் அடங்கியுள்ளது. இக்காலத் தமிழ் மாயக்கதைகள் சிலவற்றில் தலைவன் இக்கட்டில் அகப்பட்டவுடன் முன்பின் கேட்டறியாத மந்திரம் ஒன்று அவன் நாவில் வந்து நிற்கின்றது. அதனைப் படிப்பவர் வியத்தலும் இல்லை, அஞ்சுதலும் இல்லை.

மணிமேகலையில் சாத்தனார் இத்தகைய பிழை செய்யார். வேற்றுருக் கொள்ளுதல், வான்வழிச் செல்லுதல், பசியொழித்தல் ஆகிய மூன்று மந்திரங்களையும் மணிமேகலா தெய்வம் முன்னரே அளித்துவிடுகின்றது. பின்னர் மணிமேகலை காயசண்டிகையின் உருவத்தைக் கொள்கின்றாள். உதயகுமரனிடமிருந்து தப்புதற்குக் கொண்ட அவ்வுருவமே, காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனனை மயக்கி, உதயகுமரனை அவன் வாளுக்கு இரையாக்குகின்றது. மந்திரம் சொன்னபடியே பலித்தது. பலித்தமையாலேயே ஓர் உயிர் போயிற்று. காயசண்டிகையின் நிலையும் அத்தகையதே. பன்னீராண்டிற்கு ஒரு கனி தரும் நாவல். பன்னீராண்டிற்கு ஒருநாள் உண்ணும் முனிவன். அக்கனியை அவள் சிதைக்கவே, வான்செல் மந்திரம் இழந்து பன்னீராண்டு யானைத்தீ என்னும் பெரும்பசியால் வருந்துக என்று சாபம் பிறக்கின்றது. குற்றத்தின் அளவே தண்டத்தின் அளவு. கணக்கு ஓர் ஆண்டும் பிசகவில்லை.

இக்காப்பியத்தில் வரம்பின் அழகு முழுமையாக விளங்குமிடம் ஆபுத்திரன் கதையே. மதுரையில் சிந்தாதேவி அளித்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. அவன் இந்திரனது வரத்தை இகழ, இந்திரன் கலத்தைப் பறித்தானல்லன்; பாண்டி நாட்டில் மழை பெய்வித்தான். நாடு செழித்தது, பசித்தவர் எவரும் இலர். எடுக்கக் குறையாத கலம், ஏற்பார் இன்மையால் வீணாயிற்று. ஆற்றலின் வலியைக் குறையாமல் அதன் தேவையை மட்டும் நீக்கிய இச்சூழ்ச்சிக்கு நிகரானதை யாம் வேறெங்கும் கண்டிலோம். மழையின்றி வருந்தும் சாவக நாட்டிற்குச் செல்லக் கப்பலேறியவன், இடையில் மணிபல்லவத்தில் இறங்க, அவனை அறியாது கப்பல் சென்றுவிட்டது. ஆளற்ற தீவில் அவனும் கலமுமே எஞ்சினர். பல்லுயிர் ஓம்பும் கலத்தைக் கொண்டு தன் ஓருயிரை மட்டும் வளர்த்தல் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஆண்டிற்கு ஒருநாள் வெளிப்பட்டு, உயிர் ஓம்புவார் கையிற் சேர்க என்று சொல்லி அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். பின்னர் உண்ணாது கிடந்து உயிர் நீத்தான்.