கைப்பேசி வேலைக்குச் சென்ற பிறகும் பயிற்சி தொடர

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தோ, பக்கவாதத்திலிருந்து மீண்டோ வீடு திரும்புவோருக்கு இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகள், மாத்திரைகளைப் போலவே தவறாமல் தொடர வேண்டியவை. அவை இப்போது பல குடும்பங்களுக்குக் காணொளியாக, மகனுடைய அல்லது மருமகளுடைய கைப்பேசிக்கு வருகின்றன. நெமிலிச்சேரியிலிருந்து காலை மின்சார ரயில் புறப்படும்போது, அந்தக் கைப்பேசியும் அம்பத்தூருக்கோ சென்ட்ரலுக்கோ புறப்பட்டுவிடுகிறது. வீட்டில் எஞ்சுவோர் நோயாளியும் அவருடைய வயதான துணைவரும்தான். காணொளி இல்லாத பகற்பொழுதில் பயிற்சி ஒருவேளை தவறுகிறது. பிறகு ஒருநாள் தவறுகிறது.

ஆனால் கூடத்தில் தொலைக்காட்சி இருக்கிறது. அதன் பெரிய திரையில் பார்க்கும்போது இரு கைகளும் ஓய்வாக இருக்கும். கட்டிலில் படுத்தபடியே கழுத்தை வளைக்காமல் பார்க்கலாம். அருகில் இருப்பவரும் அதே காட்சியைக் கண்டு, அசைவு சரிதானா என்று சொல்லலாம். எனவே, காணொளியைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசெல்லும் வழிகளுள், கைப்பேசி வெளியே சென்ற பின்னும் பயன்படக்கூடியது எது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

கம்பியில்லா வழி இரு வகைப்படும். முதலாவது, கைப்பேசித் திரையை அப்படியே தொலைக்காட்சியில் காட்டுவது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இதற்கு ‘காஸ்ட்’ என்றும், சாம்சங்கில் ‘ஸ்மார்ட் வியூ’ என்றும், ஐபோனில் ‘ஸ்கிரீன் மிரரிங்’ என்றும் பெயர். கைப்பேசி அகன்றால் காட்சியும் நின்றுவிடும். இரண்டாவது, யூடியூப் போன்ற செயலியில் உள்ள ‘காஸ்ட்’ குறியை அழுத்துவது. இதில் காணொளியைத் தொலைக்காட்சியே இணையத்திலிருந்து நேரடியாகப் பெறுகிறது; கைப்பேசி ரிமோட் போல மட்டும் செயல்படும். இதற்கு ஸ்மார்ட் தொலைக்காட்சியும், அதுவும் கைப்பேசியும் ஒரே வைஃபையில் இருப்பதும் தேவை. ஸ்மார்ட் தொலைக்காட்சியில் யூடியூப் செயலி இருந்தால், கைப்பேசி இன்றி ரிமோட்டாலேயே காணொளியைத் தேடி எடுக்கலாம். ஆனால் வீட்டு இணையமே கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்தான் என்றால், அதுவும் ரயிலேறிப் போய்விடும்.

கம்பி வழியாக இணைக்க, தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்க வேண்டும். டைப்-சி துளை இருக்கும் எல்லாக் கைப்பேசிகளும் அதன் வழியே படத்தை வெளியே அனுப்புவதில்லை. விலை குறைந்த பல மாதிரிகளில் இவ்வசதி இல்லை. ஆகவே, உங்கள் கைப்பேசியைக் கடைக்கு எடுத்துச் சென்று இணைத்துப் பார்த்த பின்னரே கம்பியை வாங்குங்கள்.

இவை எல்லாவற்றிலும் எளியது பென் டிரைவ். பெரும்பாலான தட்டைத் திரைத் தொலைக்காட்சிகளில் யூ.எஸ்.பி. துளை உண்டு. ஒரு முனை கைப்பேசிக்கும் மறுமுனை தொலைக்காட்சிக்கும் பொருந்தும் ‘ஓ.டி.ஜி.’ பென் டிரைவை வாங்கி, இயன்முறை மருத்துவர் அனுப்பிய காணொளியை அதில் ஒருமுறை நகலெடுத்தால் போதும். எம்.பி.4 வகைக் கோப்புகளைப் பெரும்பாலான தொலைக்காட்சிகள் ஏற்கும். இதற்குக் கைப்பேசியோ இணையமோ தேவையில்லை. ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைத் தாளில் பெரிய எழுத்தில் எழித் தொலைக்காட்சியின் அருகில் ஒட்டிவிடுங்கள். யூடியூப் செயலிக்குள் பதிவிறக்கிய காணொளியை இவ்வாறு நகலெடுக்க இயலாது. ஆகவே மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன், இயன்முறை மருத்துவரின் இசைவோடு, நோயாளி பயிற்சி செய்வதை உங்கள் கைப்பேசியிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

2006-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி இன்னும் சில வீடுகளில் இயங்குகிறது. அதில் எச்.டி.எம்.ஐ. துளை இல்லை. எச்.டி.எம்.ஐ. படத்தை மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறக் கம்பிகளுக்கு மாற்றித்தரும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தாலும் அசைவுகள் விளங்கும். சில செட்டாப் பாக்ஸ்களில் யூ.எஸ்.பி. துளை இருக்கும், அதில் காணொளி ஓடுமா என்று கேபிள்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

இணைத்த பின் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, கம்பி நடைபாதையின் குறுக்கே கிடக்கக் கூடாது. வாக்கரில் நடப்பவர் அதில் தடுக்கி விழுந்தால், அறுவை சிகிச்சையின் பலனே வீணாகலாம். இரண்டாவது, திரையில் எதிரே நிற்பவரின் இடது கால் நமக்கு வலப்பக்கம் தெரியும். அதைப் பார்த்து நோயாளி தவறான காலை அசைக்கக்கூடும். ‘இடது கால்’ அல்லது ‘வலது கால்’ என்று எழுதித் திரைக்குக் கீழே ஒட்டுங்கள். துணைவர் அதை வாய்விட்டும் சொல்லட்டும். மூன்றாவது, கைப்பேசித் திரையை அப்படியே காட்டும்போது, பரிசோதனை முடிவு பற்றிய குறுஞ்செய்தியும் கூடத்தில் உள்ளோர் அனைவருக்கும் தெரியலாம். முன்னதாகவே ‘தொந்தரவு செய்யாதே’ வசதியை இயக்கிவிடுங்கள். நான்காவது, காணொளியின் வேகத்தோடு போட்டியிட வேண்டாம். தேவைப்படும் இடத்தில் நிறுத்தி, மூச்சு சீரான பின் தொடருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்துங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ கண்டால், அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

காணொளி, இயன்முறை மருத்துவருக்கு மாற்று ஆகாது. அசைவில் ஐயம் எழுந்தால் அடுத்த வருகையில் செய்து காட்டிக் கேளுங்கள். மருத்துவமனைக்கு வர இயலாதோருக்கு, 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இல்லத்திலேயே இயன்முறைச் சிகிச்சை வழங்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதுபற்றிக் கேட்டறியலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில், இந்த இணைப்பைச் செய்து பாருங்கள். அதன் பின் ரிமோட்டை நோயாளியின் கையிலேயே கொடுங்கள். யார் துணையும் இன்றி அவரே காணொளியைத் தொடங்கவும் நிறுத்தவும் பழகிவிட்டால், திங்கட்கிழமை காலை ரயிலுக்குப் புறப்படுவோர் கவலையின்றிச் செல்லலாம்.