சீதனமும் முதுசமும்

பருத்தித்துறைப் பகுதியிலே பழைய காணி உறுதிகளைப் படிப்போர் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்களைக் காண்பர். முதுசமாவது கணவன் பெற்றோர்வழிப் பெற்றது. சீதனமாவது மனைவி மணத்தின்போது கொண்டுவந்தது. தேடியதேட்டமாவது இல்லறத்திலே ஈட்டியது. யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டம் இம்மூன்றின்மீதே நிற்கின்றது.

ஒல்லாந்தத் தேசாதிபதி சீமோன்ஸ் என்பாரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இவ்வழக்கங்களை 1707ஆம் ஆண்டிலே எழுத்தில் தொகுத்தார். அதன் தமிழாக்கத்தைப் பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பினர். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

அத்தொகுப்பின் தொடக்கமே ஒரு மாற்றத்தைக் கூறுகின்றது. ஆதிக்குடிகளிடையே தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. தேட்டம் இருபாலார்க்கும் உரியதாயிற்று. போர்த்துக்கேயர் காலத்திலே, பிலிப் மஸ்கரேனாஸ் ஆண்டபோது, இவ்வரம்பு தளர்ந்தது. மூவகைப் பொருளிலிருந்தும் சீதனம் கொடுக்கலாயினர். தந்தைவழிக் காணியும் மகளோடு செல்லலாயிற்று. ஆயினும் சீதனம் பெற்ற மகள் எஞ்சிய பொருளில் பங்கு கேட்டல் இயலாது. சீதன ஓலை எழுதிப் பத்தாண்டுக்குள் காணியைக் கைக்கொள்ளாவிடின் அவ்வோலையும் பயனற்றுப்போம்.

ஆண்மக்கள் நிலையும் எளிதன்று. மணமாகுமுன் அவர்கள் ஈட்டியதெல்லாம் குடும்பப் பொதுமுதலிற் சேரவேண்டும். உடலில் அணிந்த பொன் வெள்ளி நகைகளே விலக்கு. தங்கையரைக் கரையேற்றும் கடன் தமையன்மார் தோளில் ஏறியமைக்குக் காரணம் தேடுவோர் இவ்விதியையும் நோக்குதல் தகும்.

மனைவியின் பொருள் தனிப்பொருளென 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வகுத்தது. எனினும் தன் காணியையோ வீட்டையோ விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசத்தை விற்க மனைவியின் சம்மதம் வேண்டுவதில்லை. உறுதி அவள் பெயரில் இருக்க, நொத்தாரிசு முன்னிலையில் கேட்கப்படுவது அவனுடைய கையொப்பம். சம்மதம் கிட்டாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்பது சட்டம் விட்ட ஒரே வாயில். 1983க்குப் பின் மூண்ட போரிலே கணவர் காணாமற்போன பெண்கள், தம் தாய் தந்த சீதனக் காணியைப் பிள்ளைகளின் படிப்புக்காக விற்க முனைந்தபோதும், அவ்வாயிலிலேயே நிற்கவேண்டியதாயிற்று.