கேமராவிடம் கேட்டதும் கிடைத்ததும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பேருந்தில் ஏறி, இண்டூரைத் தாண்டி, பேருந்து நிற்காத ஓர் இடத்துக்குச் சீட்டுக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடத்துநர் “அங்கே நிற்காது” என்று மறுத்துவிடுவார். இன்னொருவர் பேசாமல் இண்டூருக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். இரண்டும் முறைதான். ஆனால் எவர் எப்படிச் செய்வார் என்பது தெரியாமற் போனால் பயணியின் பாடு திண்டாட்டம்!

கணிப்பொறிக் கேமராக்களிலும் இதே திண்டாட்டம் இருந்தது.

கேமராவுக்கும் படம் காட்டும் நிரலுக்கும் நடுவே ‘இயக்கி’ என்னும் மென்பொருள் உண்டு. நிரல் இயக்கியிடம் எப்படிக் கேட்கவேண்டும், இயக்கி என்ன விடை தரவேண்டும் என்று வகுத்த விதிகளே இடைமுகம் ஆகும். லினக்ஸ் இயங்குதளத்தில் இதன் பெயர் ‘வீடியோ ஃபார் லினக்ஸ் 2’. 2002இல் லினக்ஸ் கருவில் சேர்க்கப்பட்டது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே.

நிரல் 720 × 480 புள்ளிகள் கொண்ட படம் கேட்கிறது. கேமராவால் 640 × 480தான் முடியும். அப்போது இயக்கி மறுக்கக்கூடாது. தன்னால் இயன்ற அளவை விடையில் எழுதித் தரவேண்டும் என்பது விதி. நிரல் அந்த விடையைப் படிக்காவிட்டால் என்ன ஆகும்? ஒரு புள்ளிக்கு 2 பைட் என்றால், வரும் வரி ஒவ்வொன்றும் 1,280 பைட். நிரலோ 1,440 பைட்டை ஒரு வரியாக எண்ணிக்கொள்ளும். வரிக்கு வரி 80 புள்ளிகள் நழுவ, முகம் சாய்ந்து, கிழிந்த கோடுகளாகிவிடும். அது மட்டுமா? வந்த 6,14,400 பைட்டும் 427ஆம் வரியிலேயே தீர்ந்துபோகும். அதற்குமேல் நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைப் படிக்கப்போய் நின்றே போகலாம்.

அளவு பற்றிய விதி தெளிவு. படப்புள்ளியின் நிறத்தைக் குறிக்கும் முறையில்தான் குழப்பம். கேமராவுக்குத் தெரியாத முறையைக் கேட்டால், வலைக் கேமரா இயக்கிகள் தெரிந்த வேறொன்றைத் தந்தன. தொலைக்காட்சி அட்டைகளின் இயக்கிகள் பல, பிழை என்று மறுத்தன. விதிப்புத்தகத்தின்படி முன்னதே சரி. ஆனால் மறுப்பு வரும் என்று நம்பியே எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம்! விதியைக் கண்டிப்பாக்கினால் அவை கெடும். 2012இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் கூடிய வல்லுநர்கள் இதையும் பேசினார்கள். ஹான்ஸ் வெர்குயில் என்னும் பொறியாளர் எழுதிய சோதனை நிரல், மறுக்கும் இயக்கியைத் தோல்வி என்று தள்ளுவதில்லை, எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறது. நல்ல சமரசம் என்றே எனக்குப் படுகிறது. நிரல் எழுதுபவர்தான், மறுப்பு வந்தாலும் மாற்று வந்தாலும் சமாளிக்கவேண்டும்.

பிழை எண்களிலும் ஒரு வேடிக்கை. முன்பு, இயக்கி அறியாத கட்டளைக்கும், அறிந்த கட்டளையில் தவறான மதிப்பு வந்தாலும், ஒரே விடைதான்: 22. தவறு எங்கே என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? 2011இல் வந்த லினக்ஸ் 3.1இல், அறியாத கட்டளைக்கு 25 என்று பிரித்தார்கள். அந்த 25க்கு யூனிக்ஸ் காலத்துப் பொருள் என்ன தெரியுமா? “இது தட்டச்சுப்பொறி அன்று!”