வானொலியின் முகப்பிசை தந்த வால்டர் காப்மன்



சிற்றலையில் அகில இந்திய வானொலியைத் தேடி முள்ளைத் திருப்பிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நிகழ்ச்சிகள் தொடங்குமுன் ஒரு சிறு இசை வரும். அடியில் தம்பூரா ரீங்கரிக்க, மேலே வயலின் சிவரஞ்சனியின் சாயலில் இழையும். கிள்ளான் பக்கத்துத் தோட்ட லயங்களில் நாங்கள் அதை யாரோ வடநாட்டுப் பண்டிதர் அமைத்தது என்றே நினைத்திருந்தோம். அமைத்தவர் வால்டர் காப்மன். இன்று செக் குடியரசில் உள்ள கார்லோவி வாரி என்னும் வெந்நீர் ஊற்று நகரில், 1907இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

பெர்லினிலும் பிராகிலும் இசை பயின்றார். பிராகில் முனைவர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வழிகாட்டிய பேராசிரியர் நாஜிகளைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும், பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். 1934இல் பம்பாய்க்கு வந்தார். நுழைவு அனுமதி எளிதாகக் கிடைத்த ஊர் அது. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார். நம் பாட்டன்மார் இங்கே கப்பலேறி வந்த கதையும் ஏறக்குறைய இதுதானே!

இந்திய இசைத்தட்டுகளை முதலில் கேட்டபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கச் சகிக்கவில்லை என்று ஒதுக்கியிருக்கலாம். அவரோ வேறு விதமாக எண்ணினார். இத்தனை கோடிப் பேர் நேசிக்கும் இசை, மனமும் அறிவும் உள்ளவர்கள் படைத்தது. விளங்கவில்லை என்றால் குறை தம்மிடமே என்று முடிவு கட்டி, கற்க உட்கார்ந்தார். புத்தகத்தை மூடிவிட்டு, "புரியல சார்" என்று நிற்கும் பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

பம்பாயில் ஒரு மேல்நாட்டு இசைச் சங்கத்தைத் தொடங்கினார். வயலின் கலைஞர் மெஹ்லி மேத்தா அவருடன் வாசித்தார். வானொலி நிலையத்தில் 1946 வரை மேல்நாட்டு இசைப் பிரிவை நடத்தினார். பிறகு கனடாவில் வின்னிபெக் இசைக்குழுவின் நடத்துநர். அதன்பின் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியர். அங்கிருந்தபடியே 1968இல் வட இந்திய ராகங்களைப் பற்றியும், 1976இல் தென்னிந்திய ராகங்களைப் பற்றியும் பெரிய நூல்கள் வெளியிட்டார். நம் ராகங்களை மேல்நாட்டுச் சுரக்குறியில் எழுதிக் காட்டியவை அவை. 1984இல் காலமானார்.

பஜனைக்கென்று பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய ஆர்மோனியம் உங்கள் கோயிலில் இருந்தால், மோகன ராகத்தை வாசித்துப் பாருங்கள். பிறகு அதன் காந்தாரத்தை மட்டும் ஒரு கட்டை தாழ்த்துங்கள். சிவரஞ்சனி வந்துவிடும்.